அனிசெட்டோ ருவாலின் மூன்றாவது சுருள்

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு றோசலின் சலவைச்சாலையின் சாப்பாட்டு அறைக்குள் வந்து, கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல், "அண்ணை, இண்டையிலையிருந்து நான் கள்ளி" என்றாள்.

சூசைதாசன் பாணைக் கடித்துக்கொண்டிருந்தார். கடித்ததை மென்று விழுங்கிய பிறகுதான் கேட்டார்.

"என்னத்தைக் களவெடுத்தனீர்?"

"சினிமாப்படம்."

"எந்தத் தியேட்டரிலை?"

"தியேட்டரிலை இல்லை. நான் கூட்டித் துடைக்கிற முதியோர் இல்லத்திலை, எழுபத்து நாலு வயசு மனுசியின்ரை அலுமாரியிலை. வேறை ஆரும் எண்டா இந்நேரம் கதிரையிலையிருந்து விழுந்திருப்பினம். நீங்கள் பாண் சாப்பிடுறியள்."

அவள் சொன்னது சரிதான். சூசைதாசனுக்கு ஆச்சரியம் என்று ஒன்று வந்து நெடுநாளாகிவிட்டது. ஆச்சரியம் மட்டுமா? மன்னாரில் இன்சூரன்ஸ் கம்பனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் விசாரித்துத் திரிந்த காலத்தில், பொய்க் கணக்குக் காட்டுகிறவனின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய காது மடல் சூடாகும். இப்போது டென்மார்க்கின் ஒடென்சே ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை நாளெல்லாம் இயந்திரத்தின் சூடான வாய்க்குள் கொடுக்கிறார்; காது குளிர்ந்தே இருக்கிறது. மனைவி மேரிகிறேஸையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பதினாறு மாதம். ஆமென்றும் பதில் இல்லை, இல்லையென்றும் பதில் இல்லை. நாட்டில் இருந்த தமிழர் பலரின் விண்ணப்பங்களும் அப்படித்தான் எங்கோ ஒரு மேசையில் கிடந்தன. முதல் ஆறு மாதம் அவருக்குக் கோபம் வந்தது. அடுத்த ஆறு மாதம் நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகு நித்திரை நன்றாக வந்தது; மற்றது எல்லாம் நின்றுபோனது. நாலு மாதமாக வீட்டுக்கு அவர் கடிதமும் எழுதவில்லை.

ஆனால் மூளை மட்டும் பழைய பழக்கத்தில் ஓடியது. அதனால்தான் ஊர்ச் சனம் எது தொலைந்தாலும் அவரைத் தேடி வந்தது. அவருக்கு உதவியாளாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவள் றோசலின். யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரி, இருபத்தொன்பது வயது, வாய்க்குப் பூட்டு இல்லை.

"இருந்து சொல்லும்" என்றார்.

அவள் இருந்தாள். "எமிலியா எண்டு ஒரு மனுசி. தகப்பன் ஸ்பானியாக்காரன். ஊமைப்படக் காலத்து நடிகனாம், பிறகு டைரக்டராம். அந்தாள் எடுத்த பதினொரு படமும் அழிஞ்சு போச்சுதாம். இந்த மனுசியிட்டை மட்டும், தாய் வைச்சிருந்த மூண்டு சுருள் மிஞ்சிக் கிடந்தது. நாளைக்கு மத்தியானம் பார்சலோனாவிலையிருந்து, பழைய படம் சேர்க்கிற ஒரு பொம்பிளை அதுகளை வாங்க வாறா. இண்டைக்குக் காலமை அலுமாரியைத் திறந்தா ரெண்டுதான் கிடக்கு."

"உம்மை ஏன் பிடிச்சவை?"

"அறைத் திறப்பு என்னட்டை இருக்கு. இல்லத்து லீடர் கூப்பிட்டு, 'நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை' எண்டா. இந்த நாட்டிலை அப்பிடித் தொடங்கினா, குற்றம் சொல்லப்போகினம் எண்டு அர்த்தம். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ளை கிடைக்காட்டி பொலிசுக்குச் சொல்லுவாவாம்." அவளுடைய பகிடி அங்கே கொஞ்சம் தடுக்கியது. "அண்ணை, என்ரை பேர் பொலிஸ் பேப்பரிலை ஏறினா, தேவராசாவின்ரை விண்ணப்பக் கோவைக்குள்ளை அதையும் சொருகுவாங்கள். இப்பவே அது எழும்பி நடக்குதில்லை. பிறகு காலையும் முறிச்சுப் போட்டமாதிரித்தான்."

தேவராசா அவள் புருஷன். கலியாணமாகி ஐந்து மாதத்தில் பிரிந்தவர்கள். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அவன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

சூசைதாசன் போர்மனிடம் போய் அரைநாள் லீவு கேட்டார். அவர் லீவு கேட்பது அதுவே முதல் தடவை என்பதால் போர்மன் காரணம் கேட்கவே மறந்துவிட்டார்.

*

எமிலியாவின் அறை இரண்டாவது மாடியில், பைன் மரங்களைப் பார்த்தபடி இருந்தது. சக்கர நாற்காலி; ஒரு கட்டில்; பூட்டிய அலுமாரி; சுவர் நிறையப் பழைய படங்கள். அலுமாரித் திறப்பு அவளுடைய கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. சூசைதாசன் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"இவர் என் அண்ணன். இன்சூரன்ஸ் ஆள்" என்று றோசலின் டேனிஷில் அறிமுகம் செய்தாள்.

"என் அப்பாவை எந்த இன்சூரன்ஸ்காரனும் கிட்டவே சேர்த்திருக்க மாட்டான்" என்றாள் எமிலியா. "அவருடைய தொழிலே விழுவதுதான்."

கைகள் நடுங்க நடுங்க அவள் சுவரைக் காட்டிச் சொல்லத் தொடங்கினாள். அனிசெட்டோ ருவால் காடிஸ் துறைமுகத்தில் மீன் கூடை சுமந்தவன். ஒருநாள் கூடையோடு படகுத்துறைப் படிகளில் தலைகுப்புற விழுந்தான். அதே நேரம் துறைமுகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன் ஓடிவந்து, "மறுபடி விழு" என்றான். ருவால் ஏழு தரம் விழுந்தான். ஏழு தரமும் வேறு வேறு மாதிரி. அடுத்த மாதம் பார்சலோனாவில் அவன் நடிகன். கொள்ளைக்காரன், காளைச் சண்டைக்காரன், துரோகம் செய்த தம்பி என்று வேஷம் எதுவானாலும் கடைசியில் மலையிலிருந்தோ கூரையிலிருந்தோ விழுந்து சாவான். அவன் சாவதைப் பார்க்கவே சனம் டிக்கெட் எடுத்தது. 1913-இல் கோபன்ஹேகன் ஸ்டூடியோ ஒன்று அவனைக் கூப்பிட்டது. உலகம் முழுக்க டேனிஷ் படம் ஓடிய காலம் அது.

"இங்கே வந்து பகலில் விழுந்தார். மற்ற நேரமெல்லாம் கமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். படத்தை எப்படி எடுப்பது என்று அங்கேதான் படித்தார். ஊமைப்படத்தில் நடுவில் எழுத்து அட்டை வருமே, அதை எழுதுகிற பெண்ணையும் அங்கேதான் பார்த்தார். அவள் இங்கர் லண்ட், என் அம்மா. அடுத்த வருஷம் கல்யாணம். அதற்கு அடுத்த வருஷம் நான்."

"பிறகு?"

"1917-இல் டைரக்டர் ஆவதற்கு ஸ்பெயினுக்குப் போனார். சண்டை முடிந்ததும் உங்களைக் கூப்பிடுகிறேன் என்றார். எனக்கு அப்போது இரண்டு வயது. கூப்பிடவில்லை. மூன்று தபால் அட்டை வந்தது. அம்மா அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நான் கேட்டால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள்."

அட்டைகள் மேசைமேல் இருந்தன. கடைசி அட்டையின் முத்திரை 1919. டேனிஷில் எழுதியிருந்தார், சொல்லுக்குச் சொல் பிழை. 'படம் நல்லா ஓடுது, மழை கூட, பெபிட்டாவுக்கு முத்தம்.'

"பெபிட்டா யார்?" என்றார் சூசைதாசன்.

"நான்தான். ஞானஸ்நானப் பெயர் யோசெபா, செல்லமாகப் பெபிட்டா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஏழு வயதில் அம்மா என்னை எமிலியா ஆக்கினாள்."

றோசலின் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த நீலநிறப் பிஸ்கட் டின்னை எடுக்கப் போனாள். "அதில் பிஸ்கட் இல்லை, தையல் நூல்" என்று எமிலியா சட்டென்று சொன்னாள்.

சூசைதாசன் அலுமாரியைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார். தட்டில் விரித்திருந்த காகிதத்தில் மூன்று துருவளையங்கள் இருந்தன. இரண்டின் மேல் பெரிய தகர டப்பாக்கள். மூன்றாவது வளையம் வெறுமையாக, ஒரு சாசர் அளவுக்குச் சின்னதாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு றோசலினைக் கூட்டிக்கொண்டு நடைவழிக்கு வந்தார்.

*

"எரிஞ்ச கடைக்குள்ளை போனா என்ன மிஞ்சிக் கிடக்கு எண்டு நான் பாக்கிறேல்லை" என்றார் சூசைதாசன். "என்ன இல்லை எண்டுதான் பாக்கிறனான். அந்த அறையிலை என்ன இல்லை, றோசலின்?"

"பிஸ்கட் இல்லை."

"வேறை?"

"பகிடிக்குச் சொன்னனான் அண்ணை."

"நான் பகிடியா எடுக்கேல்லை. வேறை என்ன இல்லை? அந்த அறையை ஒரு வருஷமாத் துடைக்கிறது நீர்தானே?"

றோசலின் கண்ணை மூடிக்கொண்டு அறையை ஒரு சுற்றுத் துடைத்து வந்தாள். "தாயின்ரை படம் இல்லை. கட்டிலுக்கு மேலை இருந்தது. போன செவ்வாய்க்கிழமை ஆணி மட்டும் நிண்டது. சுவரிலை அந்த இடம் வெள்ளையாத் தெரியுது."

"இல்லாதது போகட்டும். புதுசா ஏதும் வந்ததா?"

"ஜன்னல் கண்ணாடியிலை பசை. ஒட்டு நாடா ஒட்டி உரிச்சமாதிரி. நகத்தாலை சுரண்டினனான். ரெண்டு துண்டு, இந்த உயரத்திலை." அவள் தன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். காட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணை... இது கதிரையிலை இருக்கிற ஆளின்ரை கண் உயரம்."

"கள்ளன் எண்டா பெரிய டப்பாவை எடுப்பான். இதிலை போனது சின்னன். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரிஞ்ச ஆள்தான் சின்னனை எடுக்கும். பூட்டு உடையேல்லை, திறப்பு கழுத்திலை. ஜன்னல் வெளிச்சத்திலை ஃபிலிமை ஒட்டி, பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்திருக்கிறா. பாத்த பிறகு தாயின்ரை படத்தைக் கழட்டியிருக்கிறா."

"அப்ப சுருள்?"

"கோப்பையை ரெண்டு கையாலையும் பிடிச்சே தேத்தண்ணி சிந்துற மனுசி. ஊசியிலை நூல் கோப்பாவோ?"

றோசலின் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "இந்த நாட்டிலையும் பிஸ்கட் டின்னுக்குள்ளை பிஸ்கட் இல்லாட்டி ஒருத்தரும் சந்தேகப்படாயினம். எங்கடை சனத்தைவிட மோசம்" என்றாள்.

அவள் சிரித்தாள். இது சிரிக்கும் இடம் என்று சூசைதாசனுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

*

"சொந்தச் சாமானை யாரும் திருட முடியாது" என்றார் அவர், எமிலியாவின் முன்னால் உட்கார்ந்து. "அதனால் நான் உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு இந்தப் பிள்ளையைப் பற்றிப் பொலிசிடம் சொல்லப்போகிறார்கள். இவளுடைய கணவன் இங்கே வரவேண்டியவன்."

எமிலியாவின் முகம் வெளுத்தது. "றோசலினையா? காணவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். வயதானவள் எங்கேயோ போட்டுவிட்டாள் என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்." அவள் றோசலினின் கையைப் பிடிக்க முயன்றாள்; நடுக்கத்தில் கை தவறியது. றோசலின் தானே பிடித்துக்கொண்டாள்.

பிஸ்கட் டின்னுக்குள், நூல் உருண்டைகளுக்கு அடியில், ஒரு சிறிய தகர டப்பா இருந்தது. அதற்குள் கைவிரல் நீளத்துக்கு நறுக்கிய சில ஃபிலிம் துண்டுகளும் ஒரு சின்னச் சுருளும் இருந்தன. "வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்" என்றாள் எமிலியா. "கவனம். நெருப்புப் பட்டால் பற்றிவிடும்."

றோசலின் துண்டை ஜன்னலில் பிடித்தாள். பூதக்கண்ணாடிக்குள் ஒவ்வொரு கட்டத்திலும் அதே எழுத்து அட்டை. கறுப்பில் வெள்ளை எழுத்து, ஒரு கடிதம். அவள் மெதுவாகப் படித்துச் சொன்னாள்.

'அன்பே, மூன்று முறை கப்பல் டிக்கெட் அனுப்பினேன். மூன்று முறையும் திரும்பி வந்தது. ஜன்னலோரம் எமிலியாவுக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். உன் கோபம் ஆறியதும் அவளைக் கூட்டி வா. அ.'

"அப்பா டைரக்ட் செய்த கடைசிப் படம்" என்றாள் எமிலியா. "1923-இல் கோபன்ஹேகனில் நாலே நாள் ஓடியது. விற்க எடுத்தபோதுதான் இந்த அட்டையைப் பார்த்தேன். வெளிநாட்டுப் படம் வந்தால் எழுத்து அட்டைகளை இங்கே டேனிஷில் புதிதாக எழுதிச் சேர்ப்பார்கள். எழுதியவள் அம்மா. எழுத்து அவளுடையதுதான், எனக்குத் தெரியும். அவர் தன் படத்துக்குள்ளேயே வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். அவள் தன் கையாலேயே எழுதிவிட்டு எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்! எழுபது வருஷம் அவர் என்னை மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்." குரல் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போனது. "நாளை வருகிறவளிடம் இதைக் கொடுத்தால் ஊரெல்லாம் வாசிக்கும். அதனால்தான் ஒளித்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் என்னைப் புதைக்க வேண்டாம் என்று போன கிழமை கோயிலுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்."

வழக்கு முடிந்துவிட்டது. சுருள் கிடைத்தது, றோசலின் தப்பினாள். சூசைதாசன் எழுந்து போயிருக்கலாம்.

அவர் எழுந்திருக்கவில்லை. பூதக்கண்ணாடியை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தார். நாலாவது சொல், ஏழாவது சொல் என்று பழைய பழக்கத்தில் விரல் வைத்துப் போனார். ஒரு சொல்லில் விரல் நின்றது.

"1919-க்குப் பிறகு உங்கள் அம்மா அவருக்குக் கடிதம் எழுதினாரா?"

"எழுதினாள். விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. ஐந்து உறை கீழ் லாச்சியில் இருக்கின்றன. பிரிக்கவே இல்லை."

றோசலின் லாச்சியை இழுத்து முத்திரைகளைப் பார்த்தாள். "கடைசியா 1920."

அப்போது சூசைதாசனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சொல்வதா விடுவதா என்பதுதான் மிச்சம். சொன்னால் இவளுக்குப் போன கிழமைதான் கிடைத்த ஒரு தகப்பன் போய்விடுவான். சொல்லாவிட்டால் கோயிலுக்குப் போட்ட கடிதம் நிற்கும். ஈரமுள்ள மனதோடு இருந்தவர் என்றால் தயங்கியிருப்பார். மரத்துப்போன விரலால் முள் எடுப்பது சுலபம். மற்றவன் வலி கைக்கு ஏறாது.

"இந்தக் கடிதத்தை உங்கள் அப்பா எழுதவில்லை" என்றார்.

எமிலியா நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு எமிலியா என்று பெயர் வைத்தது ஏழு வயதில், 1922-இல். அவருக்கு உங்களைத் தெரிந்ததெல்லாம் பெபிட்டா என்றுதான். பெயர் மாறியதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. உங்கள் அம்மாவின் கடைசிக் கடிதமே அதற்கு இரண்டு வருஷம் முன்பு பிரிக்காமல் திரும்பிவிட்டது. எமிலியாவுக்குக் கட்டில் போட்டேன் என்று அவர் எப்படி எழுதுவார்?"

றோசலின் தமிழில் முணுமுணுத்தாள்: "அண்ணை, நிப்பாட்டுங்கோ."

அவர் நிறுத்தவில்லை. "படம் அம்மாவின் மேசைக்கு வந்திருக்கிறது. அதில் யாரோ யாருக்கோ ஒரு கடிதம் எழுதுகிற இடம் வந்திருக்கிறது. அங்கே இருந்ததை எடுத்துவிட்டு அம்மாவே இதை எழுதி வைத்திருக்கிறார். டிக்கெட் வரவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை."

"அப்படியென்றால் என்னை யாருமே கூப்பிடவில்லை."

"இல்லை."

எமிலியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ பனியைத் தள்ளும் சத்தம் கேட்டது. றோசலின் சூசைதாசனை முறைத்த முறைப்பில், இந்த வழக்கோடு உதவியாள் உத்தியோகத்தையே விட்டுவிடுவாள் போலிருந்தது.

"ஏன்?" என்றாள் எமிலியா கடைசியில். "தன்மேலேயே பழி வருகிற மாதிரி ஏன் எழுதினாள்? அவர்மேல் அல்லவா பழியைப் போட்டு எழுதியிருக்க வேண்டும்!"

பெயர், தேதி, முத்திரை வரைக்கும்தான் சூசைதாசனின் வித்தை.

பதில் எமிலியாவிடமிருந்தே வந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "என்னைப் படம் பார்க்கக் கூட்டிப் போனாள். ஒரே ஒரு தரம். எனக்கு எட்டு வயது. முன்வரிசை. நான் அப்போதுதான் சரளமாக வாசிக்கப் பழகியிருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தாள், வலித்தது. 'வாசித்தாயா?' என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்." அவள் வாய் கோணியது. "வாசிக்கவில்லை. அதற்கு முந்தின காட்சியில் ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. நான் அந்தக் குதிரையையே நினைத்துக்கொண்டிருந்தேன்."

றோசலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத்தான் எழுதியிருக்கிறாள்" என்றாள் எமிலியா. "அப்பா வேண்டாம் என்று விட்டவர் இல்லை, நான்தான் போகவில்லை என்று நான் நம்பட்டும் என்று. நான் அவளைத் திட்டினாலும் பரவாயில்லை என்று." பிறகு, "நான் திட்டக்கூட இல்லையே" என்றாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து றோசலின் ஆணியில் மாட்டினாள். கழுத்துவரை பொத்தான் போட்ட ஒரு பெண். விரல் நுனியில் மைக்கறை. எமிலியா பெல்லை அழுத்தி லீடரை வரச்சொன்னாள். லீடர் வந்ததும், "காணாமல் போன சுருளை நான்தான் ஒளித்தேன். இந்தப் பெண்ணிடம் நீங்கள் இப்போதே, என் முன்னால், மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றாள். லீடர் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். ஒன்று போதும் என்று றோசலின் சொல்லவில்லை.

*

வெள்ளிக்கிழமை மதியம் பார்சலோனாவிலிருந்து மரினா வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு பை, கையில் வெள்ளைக் கையுறை. சூசைதாசனையும் வரச்சொல்லி எமிலியா ஆள் விட்டிருந்தாள். தன் அரைநாள் லீவை அவர் இரண்டாவது தரமும் கேட்டு வாங்கினார்.

மரினா மூன்றாவது சுருளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினாள். அட்டையை வாசித்துப் புருவத்தைச் சுருக்கினாள். பையிலிருந்து ஒரு பழைய பட்டியலின் பிரதியை எடுத்தாள். ருவாலின் கடைசிப் படத்துக்கு அவர் கைப்படவே எழுதிய எழுத்து அட்டைகளின் பட்டியல் அது. படம் எரிந்துபோனது, பட்டியல் மிஞ்சியது.

"இந்த இடத்தில் கொள்ளைத் தலைவன் தன் தம்பிக்குக் கடிதம் எழுதுகிறான்" என்றாள். "ஆனால் உங்கள் அப்பா எழுதியது வேறு."

"என்ன எழுதியிருக்கிறார்?"

மரினா விரலை ஓட்டிப் படித்து மொழிபெயர்த்தாள். "குதிரை நொண்டுகிறது. வேறொன்று அனுப்பு."

எமிலியா சிரித்தாள். உடம்பு குலுங்க, கண்ணீர் வழிய, நடுங்கும் கையால் நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். றோசலினும் சேர்ந்துகொண்டாள். மரினா ஒன்றும் புரியாமல் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ருவாலின் மிச்சக் கதையை மரினாதான் சொன்னாள். அமெரிக்கப் படங்கள் வந்து குவிந்தபோது அவருக்குப் படம் கொடுக்க ஆள் இல்லை. மறுபடி நடிக்கப் போனார். முழங்கால் போயிருந்தது, விழ முடியவில்லை. வலென்சியாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் வாசல் காவலாளியாக இருந்து 1931-இல் ஆஸ்பத்திரியில் செத்தார். மனைவி பிள்ளை என்று எந்தப் பதிவிலும் இல்லை.

"இந்தத் துண்டைப் பதிய வேண்டும்" என்றாள் மரினா, பேனாவைத் திறந்து. "டைரக்டர், அனிசெட்டோ ருவால். கடிதத்தை எழுதியவர் பெயர் தெரியுமா?"

"இங்கர் லண்ட்" என்றாள் எமிலியா. "எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து மட்டும் இல்லை, வசனமும் அவளுடையதுதான்." எழுத்துக் கூட்டிச் சொன்னாள். மரினா எழுதியதை வாங்கிப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள்.

புறப்படும்போது எமிலியா சூசைதாசனை மட்டும் நிறுத்தினாள்.

"நேற்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் இரவெல்லாம் உங்களை வெறுத்தேன். பிறகு றோசலின் சொன்னாள், உங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று. எத்தனை வயது?"

"நாலு ஆகப்போகிறது. நான் விட்டு வரும்போது பத்து மாதம்."

"பெயர் என்ன?"

"ஸ்ரெபானி."

"அது ஞானஸ்நானப் பெயர். வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?"

சூசைதாசன் வாயைத் திறந்தார். பத்து மாதத்தில் குஞ்சு என்று கூப்பிட்டது ஞாபகம் இருந்தது. நாலு வயதுப் பிள்ளையைக் குஞ்சு என்றா கூப்பிடுவார்கள்? ஓடித் திரிகிற பிள்ளைக்கு ஊரில் ஒரு பெயர் விழுந்திருக்கும். அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. மேரிகிறேஸ் ஏதாவது கடிதத்தில் எழுதியிருப்பாள்; அவர் தேதியையும் முத்திரையையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பார்.

எமிலியா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருடைய கையை ஒருமுறை தட்டிவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் றோசலின் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தாள். லீடர் மன்னிப்புக் கேட்ட விதத்தை இரண்டு குரலில் நடித்துக் காட்டினாள். தேவராசாவுக்கு இதை எழுதினால் அவன் நம்பமாட்டான் என்றாள். தபால் கந்தோர் தரிப்பு வந்ததும் சூசைதாசன் எழும்பினார்.

"எங்கை அண்ணை? இன்னும் நாலு தரிப்புக் கிடக்கு."

"ஒரு விமானக் கடதாசி வாங்கவேணும்."

அவள் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்து, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

தபால் கந்தோரின் மூலையில் நின்றபடி எழுதுகிற மேசை ஒன்று இருந்தது. நீலக் கடதாசியை விரித்து, 'அன்புள்ள மேரிகிறேஸ்' என்று எழுதினார். அதற்குக் கீழே நாலு மாதத்து மௌனத்துக்கு ஒரு காரணம் எழுத நினைத்தார்; வரவில்லை. பனியைப் பற்றி, வேலையைப் பற்றி, விண்ணப்பத்தைப் பற்றி எழுத நினைத்தார், அதுவும் வரவில்லை. வந்தது ஒன்றுதான். அதை எழுதிவிட்டு, மிச்சம் முழுவதையும் வெறுமையாக விட்டு, நாக்கால் ஈரமாக்கி ஒட்டிப் பெட்டிக்குள் போட்டார்.

'பிள்ளையை இப்ப என்ன சொல்லிக் கூப்பிடுறனீர்?'